ஆடியில் வைத்த கத்தி

தனத்துக்கு அந்த மாதம் தூரம் வரவேயில்லை. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாய்ப்பில், தனித் தட்டும் தனிச் சொம்பும் ஒரு கிழிந்த பாயுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த மாதம் மட்டுமா, போன மாதமும் அப்படித்தான், அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான். வராத தூரத்துக்கு மூன்று மூன்று நாளாக ஒதுங்கி உட்கார்ந்து, நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போகிற பெண் மாடம்பாக்கம் முழுக்கத் தேடினாலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஏன் இந்தக் கூத்து என்றால், வயிற்றில் ஒன்று வந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியக்கூடாது. மாமியாருக்குத் தெரியக்கூடாது, தெருவுக்குத் தெரியக்கூடாது, தாலி கட்டின கேசவனுக்கும் தெரியக்கூடாது.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் போய்விட்டது. முதல் தடவை மூன்று மாதம் முடிந்த அன்றைக்கே மாமியார் செல்லியம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, வலி இல்லை, ஒன்றும் இல்லை, தண்ணீராக உடைந்து போய்விட்டது. இரண்டாம் தடவையும் சர்க்கரை, இரண்டாம் தடவையும் அதே ஐந்தாம் மாதம். இரண்டுமே வீட்டிலேயே ஒரு மருத்துவச்சியை வைத்து முடிந்துபோன காரியம். ஏன் போயிற்று என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கண்பட்டுப் போயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது யார் போய் யாரைக் கேட்பது?

கேளம்பாக்கத்திலிருந்து தனத்தின் அம்மா பொன்னியம்மாள் வந்தாள். மகளின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடி. அடுத்த தபா உண்டாச்சின்னா வாயத் தொறக்காத. அஞ்சு முடிஞ்சி ஆறு பொறக்கட்டும், தானா தெரியட்டும். உன் புருசங்கிட்டயும் மூச்சு வுடாத. ஆம்பள வாயி, கம்பெனியில போயி நாலு பேருக்கு டீ வாங்கிக் குடுத்துடும். சொன்னேன்னா என்ன உசுரோட பாக்க மாட்ட. என் மேல ஆண."

தனம் ஒன்றும் தற்குறி இல்லை. எட்டாவது வரை படித்தவள். ஆனால் இரண்டைப் பறிகொடுத்தவளிடம் படிப்பு என்ன பேசும்? அம்மா ஆணையை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாள் தள்ளினால் மாமியாருக்கு மூக்கில் வேர்த்துவிடும். மருமகளுக்கு எந்தத் தேதியில் தூரம் என்று காலண்டரைவிடக் கச்சிதமாக வைத்திருப்பவள் செல்லியம்மாள். அதனால்தான் இந்தச் சாய்ப்பு, இந்தத் தட்டு, இந்தப் பாய்.

கேசவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அப்பா காலத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது. தாம்பரத்திலிருந்து மனை வாங்க ஆள் வர ஆரம்பித்ததும் அப்பா வயலை எல்லாம் விற்றார். கடைசியாக மிச்சம் பிடித்த இரண்டு கிரவுண்டில் வீட்டைக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கேசவனுக்குப் பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. ஆனால் மண் பிடித்த கை சும்மா இருக்குமா? பின்பக்கம் மூன்று கன்றுகள் வைத்தான். ஒரு பங்கனப்பள்ளி ஒட்டு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. நெல்லுக்குக் களை எடுக்கத் தெரிந்த வம்சம்தான், பழ மரத்துக்குக் கிளை எடுக்கத் தெரியாது. மாங்கன்று இரண்டு வருஷத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே குச்சியாகப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு கிளை கிடையாது, உச்சியில் மட்டும் நாலு இலை.

வியாழக்கிழமை சாயங்காலம் பின் தெரு அந்தோணிசாமி வந்தான். ஒரு பழத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன், கேசவன் வயசுதான், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். மரத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னாபா கேசவா, கொடிக்கம்பம் வளத்துகினு கீற?"

"ஏன், நல்லாத்தான கீது? இன்னா ஒசரம் பாரு."

"ஒசரத்த வெச்சி இன்னா பண்ணுவ? மாங்கா காச்சா ஃபயர் சர்வீஸ கூப்புடுவியா? மொத வருசமே இடுப்பு ஒசரத்துல தலைய எடுத்திருக்கணும். சரி, போனது போச்சி. இப்ப ஆடி பொறந்துட்ச்சி, ரெண்டு மழ வுழுந்து துளிர் கெளம்பற நேரம். இந்த ஞாயித்துக்கெழம கவாத்து பண்ணிடு. அயிப்பசி கார்த்திகையில கத்தி வெச்ச, வெட்டுன வாயில தண்ணி எறங்கி அழுவிப்பூடும். தையில வெச்ச, பூவோட போச்சி."

"எப்டி வெட்றது?"

அந்தோணிசாமி குனிந்து மரத்தின் இடுப்பில் விரலை வைத்துக் காட்டினான். "இங்க பாரு, கணுவுக்கு மேல ஒரு வெரக்கட வுட்டு, சாச்சி ஒரே வெட்டு. தண்ணி வழிஞ்சி ஓடணும், நிக்கக்கூடாது. சாணியும் செம்மண்ணும் கொழச்சி வெட்டுன எடத்துல அப்பிடு. பத்து நாள்ல ஏழெட்டு போத்து துளிர் வுடும். தெசைக்கி ஒண்ணா மூணு நாலு வெச்சிகினு மிச்சத்த கிள்ளிப் போடு. பாவம் பாக்காத. பாவம் பாத்தா மரம் உருப்படாது. அப்புறம் இது பாரு, ஒட்டு போட்ட எடம். இதுக்குக் கீழ துளிர் வந்தா அன்னிக்கே எடுத்துடு. அது நாட்டு மாங்கா. வுட்டேன்னா மேல கீற பங்கனப்பள்ளிய முழுங்கிட்டு அதுதான் நிக்கும்."

கொய்யாவுக்கு நுனியைக் கிள்ளினால் போதும், எலுமிச்சைக்கு உள்ளே குறுக்கே ஓடுகிற முள் குச்சியை எடு, காற்று போகவேண்டும் என்று மரத்துக்கொரு வைத்தியம் சொன்னான். "இந்த ஆடிய வுட்டா அப்புறம் என்ன வந்து கேக்காத" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தனம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பெண்டாட்டி சூலியாக இருக்கும்போது புருஷன் மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. இது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிர்வீட்டு ஜெயவேலு, பெண்டாட்டி முழுகாமல் இருந்தபோது சவரம்கூடச் செய்யாமல் சாமியார் மாதிரித் திரிந்தான். மேலத்தெரு மாரி அவசரத்துக்கு ஒரு முருங்கைக் கிளையை வெட்டினான் என்றும், அதனால்தான் அவன் மகனுக்கு உதடு பிளந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். ஊருக்கென்ன, ஒவ்வொரு குறைக்கும் ஒரு மரக்கிளையைத் தயாராக வைத்திருக்கும்! கேசவன் மட்டும் இளைத்தவனா? முதல் இரண்டு தடவையும் அவன் பல் துலக்க ஒரு வேப்பங்குச்சிகூட ஒடித்ததில்லை. ஒரு வார்த்தை அவன் காதில் விழுந்தால் போதும், கத்தியைத் தொடவே மாட்டான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியாது. சொன்னால் கண், சொல்லாவிட்டால் கத்தி.

சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தோணி அண்ணனையே வெட்டச் சொல்லுங்களேன். அவருக்குத்தான் தெரியும்."

"நா வெச்ச மரம். அஞ்சு நிமிச வேலைக்கி அவன் எதுக்கு?"

வெள்ளிக்கிழமை, கனவில் அம்மன் வந்து மரத்தைத் தொடாதே என்றாள் என்று ஒரு பொய் சொன்னாள். "அம்மனுக்கு மாங்கா மேல இன்னா அக்கற? பழுத்தா மொதப் பழம் அவளுக்குத்தான்னு சொல்லு" என்று அவன் சிரித்தான். சனிக்கிழமை வீட்டுக் கத்தியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். அவன் போய் அந்தோணிசாமியிடம் கவாத்துக் கத்தரியே வாங்கி வந்துவிட்டான். அன்றைக்கே மாமியார் கணக்குப்படி அவளுக்குத் தூரத் தேதி. மாமியாரின் கண் காலையிலிருந்தே அவள்மேல் இருந்தது. வேறு வழியில்லாமல் சாய்ப்பில் போய் உட்கார்ந்தாள்.

ஆக ஞாயிற்றுக்கிழமை காலை, மாங்கன்றுக்கும் அவளுக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை.

கேசவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். செல்லியம்மாள் ஒரு கொட்டாங்கச்சியில் சாணியும் செம்மண்ணும் குழைத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

"இன்னாங்க, இன்னிக்கி வேணாங்க" என்றாள் தனம்.

"ஏன்?"

"நாள் நல்லால்ல. ராகு காலம்."

"காலங்காத்தால ஏது ராகு காலம்? ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலரைக்கித்தான்."

"அடுத்த வாரம் வெட்டுங்களேன். ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

"துளிர் கெளம்பிடும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட."

அவன் கத்தரியை மரத்தின் இடுப்பில் வைத்தான். தனம் எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். செல்லியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கியே நில்லுடி! தூரமா இருந்துகினு மரத்தாண்ட வர்றியா? பச்ச மரம் பட்டுப்பூடும்! புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

எனக்குத் தூரமில்லை அத்தை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால்! பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலை தெரிந்தது. அம்மாவின் தலைமேல் வைத்த கை நினைவுக்கு வந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போன இரண்டும் நினைவுக்கு வந்தன. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நின்றாள். கத்தரி ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். மரத்தின் தலை கீழே விழுந்தது. வெட்டு வாயில் பால் கசிந்தது.

"மரத்துக்குத்தான மொட்ட போட்டேன், நீ ஏன் அழுவுற?" என்றான் கேசவன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை, பாவம். கொய்யாவைக் கிள்ளினான், எலுமிச்சையில் முள் குச்சிகளை எடுத்தான், நல்ல வேலை செய்த திருப்தியோடு குளிக்கப் போனான்.

இரண்டு வாரத்தில் மாவில் எட்டுத் துளிர் செம்பு நிறத்தில் கிளம்பியது. தினமும் கம்பெனிக்குப் போகுமுன் குனிந்து பார்ப்பான். நாலை வைத்துக்கொண்டு நாலைக் கிள்ளிப் போட்டான். ஆம்பிளைக் கண்ணுக்கு மரத்தில் அரிசி அளவு துளிர் வந்தால் தெரிகிறது, பக்கத்தில் படுத்திருப்பவள் வயிறு தெரிவதில்லை! ஆவணியில் இன்னொரு தடவை சாய்ப்பில் உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மெலிந்த உடம்பு, தொளதொளவென்று கட்டின புடவை, எப்படியோ மறைந்தது. நாலு முடிந்துவிட்டது, ஐந்து ஓடுகிறது, இன்னும் கொஞ்ச நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆவணி கடைசியில் ஒரு பகல். அரிசி களைந்துகொண்டிருந்தபோது வலியே இல்லாமல் தண்ணீர் உடைந்தது.

இந்தத் தடவை ரத்தம் நிற்கவில்லை. செல்லியம்மாள் ஆட்டோ பிடித்து கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள். கம்பெனிக்குப் போன் போட்டு கேசவனை வரவழைத்தார்கள். ஆண் குழந்தை, உள்ளங்கை அளவு. மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை கேசவன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தான். செல்லியம்மாள் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். டாக்டரம்மா வந்தாள். வயசானவள், குரல் கொஞ்சம் பெரிசு.

"இது எத்தனாவது?"

"மூணாவதும்மா."

"மூணும் அஞ்சாம் மாசமா? வலியில்லாம தண்ணி உடைஞ்சுதா?"

தனம் தலையை ஆட்டினாள்.

"உனக்குக் கர்ப்பப்பை வாய் பலவீனம்மா. குழந்தை வெயிட் ஏறினதும் தாங்காம திறந்துக்குது. மூணாம் மாசம் வந்திருந்தா வாயில ஒரு தையல் போட்டிருப்பேன். சின்ன வேலை. மாசம் நிறைஞ்சதும் பிரிச்சு விட்டா அனேகமா குழந்தை கையில இருந்திருக்கும். ஏன் வரல?"

"யாருக்கும் சொல்லலம்மா. மறச்சிட்டேன்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மறைச்சியா? அட கடவுளே, ரெண்டு போனதுக்கு அப்புறமும் மறைச்சியா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அவள் தலையைத் தடவினாள். "சரி, அழாதே. இன்னும் வயசிருக்கு. அடுத்த தடவை நாள் தள்ளின உடனே ஓடி வா. தையல் போடலாம். நான் நல்ல நம்பிக்கையாவே சொல்றேன்." ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள்.

மூணாம் மாசம். ஆடி. தனம் சாய்ப்பில் உட்கார்ந்து ஒரு கத்தரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஆட்டோவில் பதினைந்து நிமிஷத்தில் ஒரு தையல் இருந்திருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேசவன் மருந்தோடு வந்தான். வெளியே நர்ஸ் யாரிடமோ ஐந்து மாதம் என்று சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. கட்டிலருகே நின்று விரலை மடக்கி எண்ணினான். ஆவணி, ஆடி, ஆனி... எண்ணின கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவர்கள் பாவப்பட்டவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லியம்மாள் ஆரம்பித்தாள். "டேய் பாவி, சூலிப் பொம்பளைய வெச்சிகினு கத்தி எடுத்தியேடா!"

"எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாம மெதிச்சா முள்ளு குத்தாதா?"

"ஏண்டி சொல்லல?" என்று மருமகள் பக்கமும் திரும்பினாள். அம்மா ஆணை, கண் படும் என்றாள் தனம். செல்லியம்மாள் அதற்குத் தலையாட்டினாள். மறைத்தது அவள் கணக்கில் நியாயம். கத்திதான் பாவம்.

இங்கேதான் தனம் வாயைத் திறந்திருக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று அவசரப்பட்டு அவளைத் திட்டாதீர்கள். இரண்டாவது போனபோதே செல்லியம்மாள் மகனிடம் பேச்சை எடுத்தவள்: "இவளுக்குத் தங்காதுடா. சேலையூர்ல நம்ம சரோஜினி பொண்ணு கீது, பாக்கட்டுமா?" இப்போது மூன்றாவதும் போயிற்று. மறுபடி அதே பேச்சை எடுத்தாள். தனம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கேசவன் சொன்னான்:

"குத்தம் என் கையிலம்மா. அவ வயித்துல இல்ல. இன்னொருத்திய கட்னாலும் இந்தக் கைதான கூட வரும்? இனிமே அந்தப் பேச்சு எடுத்தீன்னா நா வூட்ட வுட்டே பூடுவேன்."

அதோடு சேலையூர்ப் பேச்சு நின்றுவிட்டது. குற்றம் அவன் கையில் இருக்கும்வரை தனத்துக்கு அந்த வீட்டில் இடம் இருக்கிறது. குற்றம் அவள் வயிற்றுக்கு வந்துவிட்டால்? கர்ப்பப்பையில் கோளாறு என்று ஒரு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றால்? தையல், சிகிச்சை எல்லாம் செல்லியம்மாள் காதில் ஏறுமா? கோளாறு என்ற ஒரு வார்த்தைதான் ஏறும். தனம் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சீட்டை நாலாக மடித்து உள்ளே போட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அது அந்த வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே நடந்தது.

அவனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளினாள். கேசவன் பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டான். ஒரு நாள் வெட்கத்தைவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து மெதுவாக விலக்கி வைத்தான்.

"வேணாம் தனம். இன்னொண்ணு உண்டாயி அதுவும் என்னால போச்சின்னா நா உசுரோட இருக்க மாட்டேன். எனக்குப் புள்ளயே வேணாம். நீ இரு, அது போதும்."

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், சீட்டு எங்கே என்று கேட்பான், நான் அழுததை எல்லாம் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று கேட்பான். தள்ளிப் போட்ட ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு நாளாகச் சேர்ந்துகொண்டே போனது.

அந்த ஒரே வெட்டில் மாமரம் என்னமாய் வந்தது தெரியுமா! மூன்றாம் வருஷம், தொண்ணூற்றொன்றில், கைக்கு எட்டும் உயரத்தில் நாற்பது காய். கேசவன் ஒரு பழத்தையும் வாயில் வைக்கவில்லை, தெருவுக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த மரத்திலும் யாரும் கத்தி வைக்க அவன் விடவில்லை. ஒட்டுக்குக் கீழே நாட்டுப் போத்து கிளம்பியது, அதையும் தொடவில்லை. கொய்யா மதிலுக்கு மேல் குடை பிடித்தது. எலுமிச்சை உள்ளே கை நுழையாத முள் புதராயிற்று. அந்தோணிசாமி வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"கேசவா, உள்ள வெயிலே போவலபா. காயாது. ரெண்டு கெள எடுத்துடறேன், நா வெட்றேன், நீ தொடாத."

"என் வூட்ல இனிமே மரம் வெட்ற வேல இல்ல. நீ கெளம்பு."

சொன்ன விதத்தில் அந்தோணிசாமி அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. தொண்ணூற்று நாலில் மாமரத்தில் பாதி நாட்டு மாவாகியிருந்தது. பங்கனப்பள்ளிக் கிளைகள் இலை கருத்து, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. அந்த வருஷம் எண்ணிப் பன்னிரண்டு காய், அதுவும் வண்டு விழுந்தது.

அந்த ஆண்டு மாசியில் செல்லியம்மாள் இறந்துபோனாள். வருஷத் திதி கொடுத்து முடித்ததும் தனத்துக்கு ஒன்று புரிந்தது. இனி பயப்பட அந்த வீட்டில் யாரும் இல்லை. வயசு முப்பத்தாறு. எதிர்வீட்டில் ஜெயவேலுவின் தங்கை முப்பத்தேழில் பெற்றிருக்கிறாள். இன்னும் நேரம் இருக்கிறது. வெறும் வாயால் சொன்னால் போதாது என்று, கேசவன் கம்பெனிக்குப் போனதும் பஸ் ஏறி கிழக்குத் தாம்பரத்துக்குப் போனாள். டாக்டரம்மாவின் வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம். நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், டாக்டரம்மா மூன்று வருஷம் முன்பே அமெரிக்காவுக்கு மகளிடம் போய்விட்டதாகச் சொன்னார்.

சரி, அதனால் என்ன? உண்மை உண்மைதானே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பப்பை வாய், தையல், மூணாம் மாசம், எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

"உங்க கத்தியால போவலீங்க. நா மறச்சதாலதான் போச்சி. மொத ரெண்டு தபாவும் நீங்க ஒரு குச்சி கூட ஒடிக்கலயே, அப்ப ஏன் போச்சி? யோசிச்சிப் பாருங்க."

"அது கண்ணு. இது கத்தி." கேசவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"இல்லீங்க. டாக்டரம்மா சீட்டே எழுதிக் குடுத்தாங்க."

"சீட்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"டாக்டரம்மா?"

"அமெரிக்கா பூட்டாங்களாம்."

கேசவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"தனம், உனக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல. எந்தப் பொம்பளயாவது தன் வயித்து மேல தானே பழி போட்டுக்குவாளா? எனக்கோசரம் இத்தினி வருசம் இத யோசிச்சி வெச்சிகினு இருந்தியா?"

"பொய் இல்லீங்க! சத்தியமா பொய் இல்ல! வேற டாக்டர்கிட்ட போவலாம், வாங்க. இப்பவே போவலாம். எழுந்திருங்க!" அவள் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் இடது கையால் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சரி, சரி, பொய் இல்ல. நா நம்பறேன், அழுவாத." குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. "ஊர்ல எவளுக்கு வரும் இந்த மனசு? நீ என்ன மன்னிச்சிட்டன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிகினேன். இனிமே எனக்கு அது போதும்."

மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் படுக்கப் போனான்.